இதயத்திற்கு ஒரு வழி

நுழையும்முன்

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குச் சென்றவருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள் என்னும் பேச்சை இன்று எல்லா ஊர்களிலும் கேட்கிறோம். மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை இதயம்வரை செலுத்தி, எக்ஸ் கதிரின் துணையால் அடைப்பு இருக்குமிடத்தைக் காண்கின்றனர். உயிருள்ள மனிதரின் இதயத்தை உள்ளிருந்து காணும் இவ்வழி, ஒரு சிறுநகர மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவரின் சொந்த உடலில் திறக்கப்பட்டது. அவருடைய அறிவுத் துணிவையும் அவர் வாழ்வில் படிந்த நிழலையும் ஒருசேர அறிவதே இப்பாடம்.

தீண்டத் தயங்கிய உறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்தனர், எலும்பை அறுத்தனர், இதயத்தின் அருகில் மட்டும் கத்தியைக் கொண்டுசெல்லத் தயங்கினர். ஓயாமல் துடிக்கும் அவ்வுறுப்பைத் தொட்டால் உயிர் போய்விடும் என்னும் அச்சம் பரவலாக இருந்தது. 1896ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் லூட்விக் ரேன் என்னும் மருத்துவர், கத்திக்குத்துப்பட்ட இளைஞர் ஒருவரின் இதயக் காயத்தைத் தைத்து அவரைப் பிழைக்கவைத்தார். அச்சம் சற்றுக் குறைந்ததே தவிர, முற்றும் அகலவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டாகிய 1895இல், வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்திருந்தார். உடலைக் கிழிக்காமலேயே உள்ளே பார்க்க முடியும் என்பதை உலகம் வியப்புடன் அறிந்தது. எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. காற்று நிறைந்த இரு நுரையீரல்களுக்கும் நடுவே இதயம் ஒரு நிழலாகத் தெரிந்தது. அந்நிழலைக் கொண்டு இதயத்தின் அளவையும் புறவடிவையும் அறியலாம். அதன் அறைகளை அறிய இயலாது. இதயத்தின் தசையும் அதனுள் ஓடும் குருதியும் எக்ஸ் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் தடுப்பதால், இரண்டும் ஒரே நிழலாகக் கலந்துவிடும். வீட்டின் சுவர் தெரிந்தது. உள்ளிருக்கும் அறைகள் தெரியவில்லை. அவ்வீட்டின் வாயிலைத் தேடியவரே வெர்னர் ஃபோர்ஸ்மன்.

இளமையும் கல்வியும்

வெர்னர் ஃபோர்ஸ்மன் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். முதல் உலகப்போரில் படைவீரராகச் சென்ற அவர் 1916இல் போர்க்களத்தில் உயிரிழந்தார். பன்னிரண்டாம் அகவையில் தந்தையை இழந்த மகன், தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வறுமையும் பணவீக்கமும் மக்களை வாட்டின. அச்சூழலில் 1922இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

படிப்பை முடித்தபின், 1929இல் பெர்லினுக்கு வடகிழக்கே அமைந்த எபர்ஸ்வால்டெ என்னும் சிறுநகரத்தின் மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது. பெரிய ஆய்வுக்கூடமோ ஆராய்ச்சி நிதியோ அங்கு இல்லை. ஆயினும் அவர் மனத்தில் ஒரு வினா இருந்தது.

ஏட்டில் கண்ட குதிரை

அக்காலத்தில் இதயம் நின்றுபோகும் நிலையிலுள்ள நோயாளிக்கு, மார்பின் வழியே நேரே இதயத்திற்குள் ஊசியைச் செலுத்தி மருந்தேற்றும் வழக்கம் இருந்தது. ஊசி சற்றே பிறழ்ந்தால் நுரையீரலைத் துளைக்கும். இதயத்தைப் போர்த்திய குருதிக்குழாய்களைக் கிழிக்கும். காக்கவேண்டிய ஊசியே கொல்லும் ஊசியாக மாறும் இடர் அதில் இருந்தது. இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லையா என்று ஃபோர்ஸ்மன் எண்ணினார்.

மாணவப் பருவத்தில் நூலொன்றில் கண்ட படம் அவர் நினைவில் நின்றது. பிரெஞ்சு அறிஞர்களாகிய ஷோவோ, மாரே ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு குதிரையின் கழுத்துச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, அதன் இதயத்தினுள் நிலவும் அழுத்தத்தை அளந்திருந்தனர். குதிரை உயிரோடிருந்தது. குதிரைக்கு இயலுமெனில் மனிதருக்கு ஏன் இயலாது? முழங்கை மடிப்பில் தோலுக்கு அருகிலேயே ஒரு சிரை உள்ளது. சிரைகள் யாவும் குருதியை இதயத்திற்கே கொண்டுசெல்கின்றன. எனவே, அச்சிரையில் நுழையும் மெல்லிய குழாய் குருதி செல்லும் திசையிலேயே சென்று, தோளைக் கடந்து, மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையை அடையவேண்டும். சிறுநீர்க்குழாயில் செலுத்துவதற்கெனச் செய்யப்பட்ட, வளையக்கூடிய நீண்ட குழாய்கள் மருத்துவமனையிலேயே இருந்தன. கருவி ஆயத்தமாக இருந்தது, ஏரணமும் பொருந்தியது. எஞ்சியது ஒன்றே: யாருடைய உடலில் சோதிப்பது?

மறுக்கப்பட்ட இசைவு

ஃபோர்ஸ்மன் தம் எண்ணத்தை மருத்துவமனைத் தலைவர் ரிச்சர்ட் ஷ்னைடரிடம் எடுத்துரைத்தார். நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க அவர் இசையவில்லை. தம் உடலிலேயே சோதித்துக்கொள்வதாகக் கூறியபோதும் இசையவில்லை. தம் பொறுப்பிலுள்ள இளைஞர் ஒருவர் உயிரிழக்கும் வாய்ப்புள்ள செயலுக்கு எந்தத் தலைவரும் எளிதில் ஒப்பமாட்டார். அவ்வகையில் ஷ்னைடரின் மறுப்பில் நியாயம் இருந்தது.

இளம் மருத்துவர் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் உதவியோடு முதல்முறை முயன்றார். குழாய் 35 சென்டிமீட்டர் சென்றதும், உதவியவர் அஞ்சி மேலும் செலுத்த மறுத்துவிட்டார். அம்முயற்சி பாதியில் நின்றது.

இரண்டாம் முறை அவர் தனித்தே செயலாற்ற முடிவு செய்தார். ஆனால், தூய்மை செய்யப்பட்ட அறுவைக் கருவிகளின் பொறுப்பு, கெர்டா டிட்சன் என்னும் செவிலியரிடம் இருந்தது. அவருடைய துணையின்றிக் கருவிகள் கிடைக்கா. ஃபோர்ஸ்மன் தம் திட்டத்தை அவருக்கு விளக்கினார். அதன் பயனை உணர்ந்த அச்செவிலியர், சோதனைக்குத் தம் உடலையே அளிக்க முன்வந்தார். ஃபோர்ஸ்மன் ஒப்புக்கொள்வதுபோல் காட்டிக்கொண்டார். அறுவை மேசையில் அவரைப் படுக்கவைத்துக் கைகால்களை வாரால் பிணைத்தார். பின்னர் அவர் காணாத பக்கம் நின்று, தம் இடது முழங்கையை மரத்துப்போகச் செய்து, தோலைக் கீறிச் சிரைக்குள் குழாயைச் செலுத்தத் தொடங்கினார். உண்மையைச் செவிலியர் அறிந்தபோது குழாய் ஏற்கெனவே மருத்துவரின் உடலுக்குள் இருந்தது. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து சினங்கொண்டார். எனினும், கட்டவிழ்க்கப்பட்டதும் அவருக்கு உதவினார்.

படிக்கட்டில் நடந்த பயணம்

குழாய் செல்லும்போது சிரையின் உட்சுவரில் மெல்லிய வெம்மையை ஃபோர்ஸ்மன் உணர்ந்தார். வலி இல்லை. ஆனால், குழாயின் முனை எங்கே நிற்கிறது என்பதை உணர்ச்சியைக் கொண்டு மட்டும் உறுதிசெய்ய முடியாது. இதயத்தை அடைந்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். உலகம் அதனை நம்பவேண்டிய தேவை இல்லை. கண்ணால் காணத்தக்க சான்று வேண்டும். அச்சான்றைத் தரவல்ல எக்ஸ் கதிர் அறையோ அறுவை அரங்கிற்கு அப்பால், கட்டடத்தின் மற்றொரு தளத்தில் இருந்தது.

கையிலிருந்து தொங்கும் குழாயுடன் அவர் நடந்தார்; படிக்கட்டுகளைக் கடந்தார்; எக்ஸ் கதிர் அறையை அடைந்தார். ஒளிர்திரையின் பின்னால் நின்றுகொண்டு, செவிலியர் எதிரே பிடித்த கண்ணாடியில் தம் மார்பின் நிழலைத் தாமே பார்த்தார். குழாய் இன்னும் இதயத்தை எட்டவில்லை. செய்தியறிந்து ஓடிவந்த உடன்பணி மருத்துவர் குழாயை வெளியே இழுக்க முனைந்தார். அவரைத் தடுத்துவிட்டு, 65 சென்டிமீட்டர் அளவுவரை குழாயை மேலும் செலுத்தினார் ஃபோர்ஸ்மன். அதன் முனை வலது மேலறைக்குள் நுழைந்திருப்பதைக் கண்ணாடி காட்டியது. உடனே படம் எடுக்கச் செய்தார்.

தோளிலிருந்து வளைந்திறங்கி இதய நிழலுக்குள் முடியும் ஒரு மெல்லிய கோடு: அப்படத்தில் கண்டது அவ்வளவே. இதயம் வழக்கம்போல் துடித்தது. இதயத்தைத் தொட்டால் மனிதர் மடிவர் என்னும் அச்சத்தை, வாதத்தால் அன்றி, படத்தால் வென்றார் அவர்.

ஷ்னைடர் முதலில் கடிந்துகொண்டார். படத்தைக் கண்டபின் அதன் அருமையை உணர்ந்து பாராட்டினார். ஆய்வை எழுதி வெளியிடவும் ஊக்கினார். 1929ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மன் மருத்துவ வார இதழொன்றில் அக்கட்டுரை வெளிவந்தது.

தெரியுமா?

ஃபோர்ஸ்மனின் கட்டுரை வெளிவந்தவுடன், எர்ன்ஸ்ட் உங்கர் என்னும் மருத்துவர் முன்னுரிமை கோரினார். தாமும் ஃபிரிட்ஸ் பிளைக்ரோடர் முதலியோரும் 1912ஆம் ஆண்டு வாக்கிலேயே இத்தகைய சோதனையைச் செய்துவிட்டதாகக் கூறினார். ஆனால், குழாய் இதயத்தை அடைந்ததை மெய்ப்பிக்கும் எக்ஸ் கதிர்ப் படம் அவர்களிடம் இல்லை. படம் எடுத்தவரின் பெயரே வரலாற்றில் நின்றது. அறிவியலில் செய்வது பாதி; செய்ததைப் பிறர் சரிபார்க்கும் வண்ணம் பதிவு செய்வது மறுபாதி.

புறக்கணிப்பு

புகழை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது ஏளனம். பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில், பேரறுவை மருத்துவர் ஃபெர்டினாண்ட் சாவர்புருக்கின் துறையில் அவர் சேர்ந்திருந்தார். கட்டுரையும் அதனையொட்டிய நாளிதழ்ச் செய்திகளும் பரபரப்பை உண்டாக்கின. அச்செயலை மருத்துவமாகக் கருதாமல் சர்க்கஸ் வித்தையாகக் கருதி, அத்துறை அவரை வெளியேற்றியது.

எபர்ஸ்வால்டெக்கு மீண்ட ஃபோர்ஸ்மன், அடுத்த படிக்கு முயன்றார். இதயத்தினுள் குழாயைக் காட்டுவது போதாது. இதய அறைகளையே காட்டவேண்டும். எக்ஸ் கதிரை மிகுதியாகத் தடுக்கும் மருந்தைக் குழாய் வழியே பாய்ச்சினால், குருதியும் தசையும் வேறுவேறாகத் தெரியுமன்றோ? முதலில் நாய்களிடம் சோதித்துப் பயன் கண்டார். பின்னர் அம்மருந்தைத் தம் இதயத்திலும் செலுத்திக்கொண்டார். அக்கால எக்ஸ் கதிர்க் கருவிகளின் வேகம், துடிக்கும் மனித இதயத்தைத் தெளிவாகப் பதியப் போதவில்லை. ஆயினும், இன்றைய ஆஞ்சியோகிராமின் அடிப்படைக் கருத்து இதுவே. 1931இல் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார். அப்போதும் ஆதரவு கிட்டவில்லை. இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரக மருத்துவத் துறைக்கு மாறினார். 1933இல் மருத்துவரான எல்ஸ்பெட் எங்கல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு மக்கள் பிறந்தனர்.

நிழல் படிந்த ஆண்டுகள்

ஃபோர்ஸ்மனின் வாழ்வில் மறைத்துவைக்க இயலாத ஒரு பகுதி உண்டு. 1932இல் அவர் நாசிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். மனித இனத்தை இழிவும் அழிவும் செய்த அக்கட்சியில் அவர் இருந்தார் என்பது வரலாற்று உண்மை. உடலின் அச்சத்தை வென்ற ஒருவர், தம் காலத்தின் பெருந்தீமையை எதிர்த்து நிற்கவில்லை. ஒரு துறையில் காட்டும் துணிவு எல்லாத் துறையிலும் அறத்தைத் தந்துவிடுவதில்லை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாம் உலகப்போரில் படை மருத்துவராகப் பணியாற்றிய அவர், இறுதியில் அமெரிக்கப் படையிடம் போர்க்கைதியானார். விடுதலைக்குப் பின், கட்சித் தொடர்பு காரணமாக மூன்றாண்டுகள் மருத்துவத் தொழில் செய்யத் தடைவிதிக்கப்பட்டது. கருங்காட்டுப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் மனைவி மருத்துவம் பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். இதயத்திற்கு வழிகண்ட மருத்துவர் காட்டில் மரம் வெட்டினார். தடை நீங்கியபின் 1950இல் பாட் கிரொய்ஸ்நாக் என்னும் ஊரில் சிறுநீரக மருத்துவராகப் பணியில் அமர்ந்தார்.

கடலுக்கு அப்பால் வளர்ந்த விதை

அவர் மறந்துபோன, அல்லது மறக்கவைக்கப்பட்ட ஆய்வு, கடலுக்கு அப்பால் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னாண்ட், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் ஃபோர்ஸ்மனின் முறையைக் கையிலெடுத்தனர். 1940களில் அவர்கள் இதயத்தின் வலப்புற அறைகளிலும் நுரையீரல் தமனியிலும் குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தனர். குருதியை எடுத்து அதிலுள்ள ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டனர். இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதைக் கண்டறிந்தனர். ஒருவரின் துணிவாக இருந்தது, பலர் பின்பற்றத்தக்க முறையாக மாறியது. துணிவு வாயிலைத் திறக்கும். பொறுமையான அளவீடே உள்ளிருக்கும் பொருளைக் கொணரும்.

1956ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ், ஃபோர்ஸ்மன் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிறுநகரில் சிறுநீரக மருத்துவராக இருந்த ஃபோர்ஸ்மனின் பெயரை அன்றுதான் உலகம் பரவலாக அறிந்தது. சோதனை நிகழ்ந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் இதய மருத்துவம் அவரைக் கடந்து வெகுதொலைவு சென்றுவிட்டது. மீண்டும் அத்துறைக்குத் திரும்ப அவருக்கு இயலவில்லை. 1958 முதல் டூசல்டார்ஃப் நகர மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவத் தலைவராகப் பணியாற்றினார். 1972இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தன்மீதான சோதனை என்பதே அதன் பெயரின் பொருள். 1979ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், இதயநோயால் அவர் உயிர் பிரிந்தது.

விரிந்த வழி

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைப் பரிசோதிக்கும்போது, எக்ஸ் கதிர் மருந்து எதிர்பாராமல் இதயத்திற்கே குருதி வழங்கும் தமனிக்குள் பாய்ந்தது. உயிருக்கு ஊறு நேருமென அஞ்சினார், நோயாளி பிழைத்தார், தமனியின் கிளைகள் மரத்தின் கிளைகளைப் போலப் படத்தில் தெரிந்தன. இதயத் தமனிகளைக் காட்டும் ஆஞ்சியோகிராம் அவ்வாறு பிறந்தது. 1977இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆந்திரியாஸ் குருன்சிக், குழாயின் நுனியில் பொருத்திய சிறு பலூனை விரித்து அடைபட்ட தமனியைத் திறந்தார். நோயைக் காணச் சென்ற குழாய், நோயைத் தீர்க்கும் கருவியாயிற்று.

நீரிழிவு, உடற்பருமன், குருதியில் மிகும் கொழுப்பு ஆகிய வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் இதயத் தமனிகளைச் சிறிதுசிறிதாகச் சுருக்குகின்றன. நீண்டநாள் நீரிழிவு நரம்புகளைத் தாக்குவதால், சிலருக்கு மாரடைப்பிலும் நெஞ்சுவலி தோன்றுவதில்லை. வலி உரைக்காததைப் படம் உரைக்கிறது. மீயொலி கொண்டு இதயம் சுருங்கி விரிவதைக் காணும் எக்கோ, தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் சி.டி. ஸ்கேன், கல்லீரலில் சேர்ந்த கொழுப்பைக் காட்டும் மீயொலிப் படம் எனப் பல முறைகள் இன்று உள்ளன. இவற்றுள் பல, உடலுக்குள் எந்தக் குழாயையும் செலுத்தாமலேயே செய்யப்படுகின்றன.

இன்று எந்த மருத்துவரும் ஃபோர்ஸ்மன் செய்ததுபோல் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. போர்க்காலக் கொடுமைகளுக்குப் பின் 1947இல் வகுக்கப்பட்ட நூரம்பெர்க் நெறிமுறை, சோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்பமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. இன்றைய ஆய்வுகள் அறநெறிக் குழுவின் இசைவைப் பெற்றே தொடங்குகின்றன. கெர்டா டிட்சனிடம் மறைக்கப்பட்ட உண்மை, இன்றைய விதிப்படி மறைக்கப்படக் கூடாத உண்மை.

எனினும், பிறர் உடலை இடருக்கு உள்ளாக்கும் முன் தம் உடலை முன்வைத்தார் என்பதும், நம்புங்கள் என்று கேளாமல் பாருங்கள் என்று படத்தை நீட்டினார் என்பதும் ஃபோர்ஸ்மனின் பெருமைகள். ஆஞ்சியோகிராம் திரையில் மெல்லிய கோடொன்று இதயத்தை நோக்கி நகரும்போதெல்லாம், எபர்ஸ்வால்டெயின் படிக்கட்டில் நடந்த அவ்விளைஞரின் பயணம் தொடர்கிறது.

கலைச்சொல் அறிவோம்

கதீட்டர் – செருகுகுழாய்
எக்ஸ்ரே – ஊடுகதிர்ப் படம்
ஆஞ்சியோகிராம் – குருதிக்குழாய் வரைபடம்
அல்ட்ராசவுண்ட் – மீயொலி

கற்பவை கற்றபின்...

1. முழங்கைச் சிரையில் நுழைந்த குழாய் இதயத்தின் வலது மேலறையை அடையும் வழியைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க.
2. ஷ்னைடர் இசைவு மறுத்தது சரியா? இருதரப்பு வாதங்களையும் தொகுத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ஓர் அறிஞரின் கண்டுபிடிப்பைப் போற்றும்போது அவருடைய அரசியல் தவற்றை எவ்வாறு நோக்கவேண்டும்? ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
4. உங்கள் பகுதியிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரைச் சந்தித்து, நீரிழிவு நோயாளிகள் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய தேவையைக் கேட்டறிந்து, நேர்காணலாக எழுதுக.